அரங்குக்கு வராதவர்கள்

2010 டிசம்பரில் இரண்டு படங்களுக்கு இரண்டு விதமான வாசல் திறந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஆண்டுக்கு 25 படங்களைத் தேர்ந்தெடுத்து, நாட்டின் சொத்தாகக் காத்துவைக்கிறது. அந்த ஆண்டின் பட்டியலில் ஸ்பைக் லீ இயக்கிய ‘மால்கம் எக்ஸ்’ சேர்க்கப்பட்டது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பேசி, 1965-ல் மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு தலைவரின் வாழ்க்கை, வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் ஒரு நாட்டின் பொதுச் சொத்தானது. அதே மாதத்தில்தான் ஜப்பார் படேல் இயக்கி மம்மூட்டி நடித்த ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ தமிழ் பேசிக்கொண்டு நம் ஊர்த் திரைகளுக்கு வந்தது. வந்தது என்பதைவிட வரவழைக்கப்பட்டது என்பதே பொருத்தம். மத்திய அரசும் மகாராஷ்டிர அரசும் பணம் போட்டு, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தயாரித்த படம் அது. மம்மூட்டிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது வாங்கிக்கொடுத்த படம். அதைத் தமிழில் வெளியிட வைப்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர வேண்டியிருந்தது. மொழிமாற்றுச் செலவுக்கு மாநில அரசு நிதி கொடுத்த பிறகும் ஆண்டுகள் ஓடின. அரசியல் சட்டத்தை வரைந்தவரின் கதைக்கு, அந்தச் சட்டத்தைக் காக்க வேண்டிய நீதிமன்றத்தின் படியேறித்தான் திரை கிடைத்தது.

ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவரைப் பற்றி ஒரு வாழ்க்கைப் படம் வரும்போது, பார்வையாளர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்கிறோம். எந்தக் காட்சியில் கைதட்டினார்கள், எங்கே கண் கலங்கினார்கள், எங்கே விசில் பறந்தது என்று அரங்குக்குள் போய்த் தேடுகிறோம். அங்கே கிடைப்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதி அரங்குக்கு வராதவர்களிடம் இருக்கிறது. படம் ஊருக்கு வந்தும் போகாதவர்கள், அது ‘அவங்க படம்’ என்று ஒதுங்கிக்கொண்டவர்கள், கூட்டம் வராது, வந்தால் தகராறு வரும் என்று திரை ஒதுக்கத் தயங்கியவர்கள் எல்லோரும் தங்கள் விமர்சனத்தைச் சொல்லிவிட்டார்கள். எழுத்தில் வராததால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கொங்குச் சீமைக்கு இந்தக் கணக்கு மிகவும் தேவை. ஏனென்றால் சினிமா அரங்கு என்ற பொது இடம் இங்கே தொடக்கக் காலத்திலேயே வேர்விட்டது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கோவையில் கட்டிய வெரைட்டி ஹாலும், பின்னால் வந்த சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இந்த மண்ணைச் சினிமா மண்ணாக்கின.

ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் சினிமா கொட்டகைதான் என்றார் அவர். அங்கே உட்காரும் இடத்தைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, கையில் இருந்த காசு தீர்மானித்தது. கோயில் தேரோட்டத்திலும் தெருக்கூத்திலும் யார் எங்கே நிற்பது என்பது பிறப்பதற்கு முன்பே முடிவாகியிருந்த சமூகத்தில், தரை டிக்கெட், பெஞ்சு, சேர் என்று பிரித்த டூரிங் கொட்டகை ஒரு புரட்சியைச் சத்தமில்லாமல் செய்தது. பல்லடம், சோமனூர், மங்கலம் பக்கத்தில் தறிக்குடோன் வேலை முடித்து வந்தவரும் தோட்டத்துக்காரரும் அந்த இருட்டில் ஒரே எம்.ஜி.ஆருக்குக் கைதட்டினார்கள். அந்தக் கொட்டகைக்குள் எம்.ஜி.ஆர். எல்லோருக்கும் பொதுவாக இருந்தார். அம்பேத்கர் மட்டும் ஏன் பொதுவாக முடியவில்லை என்பதுதான் கேள்வி.

அம்பேத்கர் படம் ஓடாததற்குச் சாதியைக் காரணம் சொல்வது மிகை என்று மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் காரணங்கள் அற்பமானவை அல்ல. மூன்று மணி நேரப் படம், பாட்டும் சண்டையும் இல்லை, ஆங்கிலத்தில் எடுத்து உதடு ஒட்டாமல் தமிழில் பேச வைத்தது, பத்து ஆண்டு தாமதமாக வந்தது, விளம்பரத்துக்குப் பணமில்லை. இவ்வளவும் உண்மை. ஆனால் இதே ஊர் மக்கள் வேறு படங்களை எப்படி ஏற்றார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2000-ல் வந்த ‘பாரதி’யில் மகாகவியாக நடித்தவர் சாயாஜி ஷிண்டே என்ற மராத்தி நடிகர். அவருக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். அதனால் பாரதியை யாரும் அந்நியராகப் பார்க்கவில்லை. மம்மூட்டியோ ‘மௌனம் சம்மதம்’, ‘தளபதி’, ‘அழகன்’ என்று 1990-களின் தொடக்கத்திலேயே தமிழ்க் குடும்பங்களுக்குள் வந்துவிட்டவர். அவருடைய முகம் தமிழருக்குப் புதிதல்ல. மொழியும் முகமும் தடையாக இருந்திருந்தால் அது பாரதிக்கும் தடையாக இருந்திருக்க வேண்டும்.

கருத்தின் காரம்தான் காரணம், இந்து சமயத்தை விமர்சிக்கும் படத்துக்குக் குடும்பத்தோடு யார் போவார்கள் என்று இன்னொரு மறுப்பு வரும். இதற்குப் பதில் ஈரோட்டிலிருந்தே கிடைக்கிறது. 2007-ல் ஞான ராஜசேகரன் இயக்கத்தில் ‘பெரியார்’ வந்தது. கலைஞர் அரசு 95 லட்சம் ரூபாய் கொடுத்தது. நடித்தவர் கோவைக்காரர் சத்யராஜ். பெரியார் கடவுளைப் பற்றியும் சாஸ்திரத்தைப் பற்றியும் சொன்னவை அம்பேத்கர் சொன்னவற்றைவிடக் காரம் குறைந்தவையா? பக்தியோடு மாரியம்மன் நோன்பு சாட்டும் ஊர்களிலும் அந்தப் படம் ‘நம்ம ஊர் பெரியவர்’ கதையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. உள்ளூர்ப் பாசம், ஊர் நடிகர், ஆளுங்கட்சி ஆதரவு, திராவிடர் கழகத்தாரின் உழைப்பு எல்லாம் அதற்குக் கை கொடுத்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் காரமான கருத்தை இந்த ஊர் தாங்காது என்ற வாதம் அதோடு விழுந்துவிடுகிறது. சாதி ஒழிய வேண்டும் என்று சொன்னவர் யார் என்பதைப் பொறுத்தே அந்தச் சொல்லின் காரம் கூடவும் குறையவும் செய்கிறது. மேலே இருக்கும் படியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து சொன்னால் அது சீர்திருத்தம். கீழே நிறுத்தப்பட்டவர் நிமிர்ந்து நின்று சொன்னால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகிவிடுகிறது.

சட்டம் ஒழுங்கு என்ற அச்சம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1989-ல் ஸ்பைக் லீயின் ‘டு தி ரைட் திங்’ வந்தபோது, அதைப் பார்க்கும் கறுப்பின இளைஞர்கள் தெருவில் இறங்கிக் கலவரம் செய்வார்கள் என்று அமெரிக்காவின் பெரிய பத்திரிகைகளிலேயே எழுதினார்கள். கோடை முடிந்தது, கலவரம் எதுவும் நடக்கவில்லை. அந்த எழுத்துகள் இன்று படத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை, எழுதியவர்களின் பயத்தைத்தான் சொல்கின்றன. நம் ஊரில் அம்பேத்கர் சிலைகளைச் சுற்றிக் கம்பிக் கூண்டு போட்டிருப்பதும் இதே பயம்தான். கூண்டு சிலையைக் காப்பாற்றுவதற்கு என்கிறார்கள். உடைப்பவர்கள் வெளியே நடமாட, உடைபடக்கூடியவர் கம்பிக்குப் பின்னால் நிற்கிறார். திரைக்கு வராமலிருந்த பத்தாண்டுகளில் அந்தப் படச்சுருளுக்கும் நடந்தது அதுதான்.

அமெரிக்காவில் கூட்டம் தானாக வந்துவிடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ‘மால்கம் எக்ஸ்’ எடுத்து முடிக்கும் முன்பே பணம் தீர்ந்தது. வரவுசெலவுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்த நிறுவனம் படத்தைத் தன் பிடிக்குள் எடுத்துக்கொண்டது. அப்போது ஓப்ரா வின்ஃப்ரே, மைக்கேல் ஜோர்டான், மேஜிக் ஜான்சன், பிரின்ஸ் போன்றவர்கள் திரும்பக் கேட்காத பணமாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஒரு நாள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டாவது படத்தைப் பார்க்கட்டும் என்று இயக்குநரே சொன்னார். 2014-ல் ஏவா டுவெர்னே, மார்ட்டின் லூதர் கிங்கின் வாக்குரிமைப் போராட்டத்தை ‘செல்மா’ என்று எடுத்தார். அப்போது கறுப்பினத் தொழிலதிபர்கள் நகரம் நகரமாக நிதி திரட்டி, ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கு இலவசமாக டிக்கெட் வாங்கிக்கொடுத்தார்கள். செல்மா ஊரின் சொந்தத் திரையரங்கில் ஊர்மக்களுக்கு இலவசக் காட்சி நடந்தது. இப்படிப்பட்ட படத்துக்குப் பார்வையாளர்களைத் திரட்டித்தான் கொண்டுவர வேண்டும். அந்த வேலையும் படைப்பின் ஒரு பகுதி. தமிழ்நாட்டிலும் அதைச் செய்தார்கள். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமும் தலித் இயக்கங்களும் படத்தைத் தங்கள் தோளில் தூக்கிக்கொண்டு போயின. அவர்கள் இல்லாவிட்டால் அந்தச் சில நாள் காட்சிகளும் நடந்திருக்காது. அவர்கள் திரட்டியது பெரும்பாலும் அவர்களை ஏற்கெனவே நம்பியவர்களைத்தான். அது அவர்கள் குற்றமல்ல. திரட்ட வேண்டிய மற்றக் கைகள் வரவில்லை.

‘செல்மா’வுக்கு வந்த எதிர்ப்பில் நமக்கு மிகவும் பழக்கமான ஒரு குரல் கேட்கிறது. அதிபர் லிண்டன் ஜான்சனைப் படம் குறைத்துக் காட்டிவிட்டது, வாக்குரிமைச் சட்டத்துக்காக அவர் பாடுபட்டதை மறைத்துவிட்டது என்று அவரோடு பணியாற்றியவர்கள் எழுதினார்கள். கிங்கின் கதையைப் பார்க்கப் போனவர்கள், ஜான்சனுக்கு உரிய மரியாதை கிடைத்ததா என்று எண்ணிக்கொண்டு வெளியே வந்தார்கள். அம்பேத்கர் படத்தைப் பற்றிய பேச்சிலும் காந்தியைச் சரியாகக் காட்டவில்லையே என்ற குறை எழுந்தது. 1932 பூனா ஒப்பந்தத்தை அம்பேத்கரின் இடத்திலிருந்து பார்த்தால், காந்தியின் உண்ணாவிரதம் ஒரு நெருக்கடியாகத்தான் தெரியும். அந்த இடத்திலிருந்து பார்க்கச் சொல்வதுதான் அவருடைய வாழ்க்கைப் படத்தின் வேலை. 1982-ல் ரிச்சர்ட் அட்டன்பரோவின் ‘காந்தி’ வந்தது. இந்திய அரசின் பணமும் அதில் இருந்தது. எட்டு ஆஸ்கர் வாங்கிய அந்தப் படத்தில் அம்பேத்கர் என்ற மனிதரே கிடையாது. அவர் இல்லாத இந்திய விடுதலைக் கதையை நாடு முழுவதும் பார்த்தது. தலித் மக்களைத் தவிர வேறு யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. ஒருவர் கொஞ்சம் குறைந்தால் அநியாயம் என்று தோன்றுகிறது, இன்னொருவர் முழுவதும் காணாமல் போனால் கண்ணுக்கே தெரிவதில்லை. பார்வையாளரின் உள்ளம் எங்கே அமர்ந்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கைதட்டலும் காட்டாது.

எனக்கு எதிராக வைக்கக்கூடிய வாதங்களில் வலுவானது ‘கப்பலோட்டிய தமிழன்’. வ.உ.சி. மேல்சாதியில் பிறந்தவர், நடித்தவர் சிவாஜி, இயக்கியவர் பி.ஆர். பந்துலு. 1961-ல் வெளிவந்தபோது அதுவும் பந்துலுவுக்கு நஷ்டத்தைத்தான் கொடுத்தது. அப்படியானால் வாழ்க்கைப் படங்களே தமிழரிடம் எடுபடுவதில்லை, சாதிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்லலாமே? சொல்லலாம். ஆனால் அந்தப் படத்தின் கதை 1961-ல் முடியவில்லை. பின்னாளில் வரிவிலக்கு வந்தது. பள்ளிகளில் காட்டினார்கள். தொலைக்காட்சி வந்த பிறகு சுதந்திர தினத்துக்குச் சுதந்திர தினம் அது வீடுகளுக்குள் வந்தது. இன்று வ.உ.சி. என்றதும் நம் கண்முன் நிற்பது செக்கிழுக்கும் சிவாஜியின் உடல்தான். அரங்கில் தோற்ற படத்தை ஒரு சமூகம் விரும்பினால் அரை நூற்றாண்டு கழித்தும் வெல்ல வைக்க முடியும் என்பதற்கு அது சான்று. அந்த இரண்டாம் வாய்ப்பு அம்பேத்கர் படத்துக்குக் கிடைக்கவில்லை. முதல் வாரக் கூட்டத்தைச் சந்தையின் தீர்ப்பு என்று விட்டுவிடலாம். அதன் பிறகு ஐம்பது ஆண்டு ஒரு படத்தை உயிரோடு வைத்திருப்பதும், ஒரு மாதத்தில் மறந்துபோவதும் சந்தையின் வேலை அல்ல, சமூகத்தின் முடிவு.

சினிமா யாரையும் மாற்றாது, பார்ப்பவர் தாம் கொண்டுவந்ததைத்தான் எடுத்துப்போவார் என்பது இன்னொரு மறுப்பு. கொங்கு வட்டாரத்திலிருந்தே இதற்கு உதாரணம் காட்டுவார்கள். சேலத்தை மையமாக வைத்து மாரி செல்வராஜ் எடுத்த ‘மாமன்னன்’ 2023 ஜூனில் வந்தது. தனித் தொகுதி எம்.எல்.ஏ. ஒருவர் சபாநாயகர் நாற்காலி வரை உயரும் கதை. பலரும் முன்னாள் சபாநாயகர் ப. தனபாலை நினைத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து அது இணையத் திரைக்கு வந்ததும், ஃபகத் ஃபாசில் நடித்த ரத்தினவேலு என்ற சாதி வெறியனின் காட்சிகளை வெட்டியெடுத்து, சாதிப் பெருமைப் பாடல்களை ஒட்டி, நாயகனாகக் கொண்டாடினார்கள். படம் எதைக் கண்டிக்கிறதோ அதையே கொடியாக்கிக்கொண்டார்கள். இது வேதனையான உண்மை. ஆனால் அந்தக் கொண்டாட்டம் எங்கே நடந்தது என்பதைக் கவனியுங்கள். அரங்கில் அது நடக்கவில்லை. முப்பது விநாடித் துண்டுகளாக, தனித்தனிக் கைப்பேசிகளில் நடந்தது. வடிவேலு நடித்த தகப்பனை, மகன் உட்காருங்கள் என்று வற்புறுத்தும் காட்சியை அந்தத் துண்டுகள் வெட்டி எறிந்துவிட்டன. அரங்கில் அந்தக் காட்சியை வெட்ட முடியாது. அதைப் பார்க்கும்போது நம் வலப்பக்கம் ஒருவர் அழுகிறார், இடப்பக்கம் ஒருவர் நெளிகிறார். அந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் அரங்கு கொடுக்கும் அனுபவம். சினிமா மாற்றாது என்று கைவிடுவதற்கு முன்னால், சேர்ந்து பார்த்தோமா என்று கேட்க வேண்டாமா?

தனபால் 2016-ல் வென்ற தொகுதி அவிநாசி. பல்லடத்திலிருந்து பார்த்தால் அடுத்த வீடு மாதிரி. அவர் சபாநாயகர் நாற்காலியில் இருந்த 2018-ல், அதே அவிநாசி வட்டத்தின் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த சத்துணவு சமையலர் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். அந்தப் பெண்மணியை இடமாற்றவும் செய்தார்கள். செய்தி பரவிக் கண்டனம் எழுந்த பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சட்டமன்றத்தின் மிக உயர்ந்த நாற்காலியில் ஒருவரை அமர வைத்த மண்ணில், சமையலறைக்குள் ஒரு பெண்மணியை நுழையவிட மறுத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே, சாதி மாறி மணந்ததற்காகத் தலித் இளைஞர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார். இரண்டும் ஒரே திருப்பூர் மாவட்டம். ஊருக்கு ஊர் பேக்கரி வைத்து எல்லோருக்கும் டீ ஊற்றும் மண்ணில், இன்னும் சில இடங்களில் டம்ளர் தனி என்று தீண்டாமை ஒழிப்பு முன்னணியினர் கள ஆய்வுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த ஊரில் அம்பேத்கரின் வாழ்க்கையைப் பற்றிய படம் பழங்கதை ஆகாது. தாமதமாக வந்த படம் என்று ஒதுக்குவதற்கு, அது சொல்லும் பிரச்சினை முடிந்திருக்க வேண்டும்.

ஒரு தலைவரைத் திரையில் ஏற்றினால் அவர் வெறும் நாயகனாகச் சுருங்கிவிடுவார் என்று அஞ்சுபவர்கள் இயக்கங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அமெரிக்காவில் கவிஞர் அமிரி பராகா, ஸ்பைக் லீ ‘மால்கம் எக்ஸ்’ படத்தை எடுக்கவே கூடாது என்று போராடினார். படம் வந்தபோது எக்ஸ் எழுத்துப் போட்ட தொப்பிகள் எங்கும் விற்றன. தொப்பி வாங்கியவர்களில் எத்தனை பேர் மால்கமின் சுயசரிதையைப் படித்தார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. நீலச் சட்டையில் அம்பேத்கர் முகம் அச்சாகி வருவதைப் பார்த்து நம் ஊரிலும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். எனக்கு இந்தக் கவலை பெரிதாகப் படவில்லை. தன் தலைவரின் முகத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கும் உரிமைக்கே அடி வாங்கியவர்களிடம், முதலில் புத்தகத்தைப் படித்துவிட்டு வா என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? அவர்கள் விசிலடித்தால் அடிக்கட்டும். அந்த விசிலுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருப்பதுதான் என் கவலை.

அந்த இருக்கையை நிரப்ப வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022 முதல் ஏப்ரல் 14-ஐச் சமத்துவ நாளாகக் கடைப்பிடிக்கிறது. அலுவலகங்களில் உறுதிமொழி வாசிக்கிறார்கள். அதே 2022-ல்தான் அரசுப் பள்ளிகளில் நடுநிலை, உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு படம் திரையிடும் திட்டமும் தொடங்கியது. செல்மாவுக்காக அமெரிக்கத் தொழிலதிபர்கள் தேடிப்போனதும் கிட்டத்தட்ட அதே வயதுப் பிள்ளைகளைத்தான். இரண்டு திட்டங்களும் ஒரே நாளில் சந்தித்தால் போதும். அம்பேத்கர் படத்தின் மூன்று மணி நேரத்தைப் பிள்ளைகளால் தாங்க முடியாது என்றால் இரண்டு நாளாகப் பிரித்துக் காட்டலாம். விசைத்தறிச் சங்கங்களும் பனியன் கம்பெனிகளும் கறிக்கோழிப் பண்ணைக்காரர்களும் கோயில் நோன்புக்குக் கொடுக்கும் நன்கொடையில் சிறு பங்கு இருந்தால், பல்லடம் சுற்றுவட்டாரத்தின் தனியார் பள்ளிப் பிள்ளைகளையும் அரங்குக்கு அழைத்துப் போய்விடலாம். நன்கொடை கொடுப்பவர் எந்தச் சாதி என்பதைப் பொறுத்தே அந்தக் காட்சியின் பொருள் மாறும். ஆகவே தோட்டத்துக்காரர்கள் கொடுத்தால்தான் அழகு.

ஒரு நடைமுறைச் சிக்கல் எழும். பெற்றோர் எதிர்ப்பார்கள், தலைமையாசிரியர் தயங்குவார், எதற்கு வம்பு என்று தோன்றும். தோன்றட்டும். இத்தனை ஆண்டுகளாக வாய் திறக்காமல் ஒதுங்கியிருந்தவர்கள் அன்றைக்காவது வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். மகாட் ஊரின் சவுதார் குளத்தில் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்ததையும், பின்னர் அந்தக் குளம் தீட்டுப்பட்டதென்று குடம் குடமாகப் பஞ்சகவ்யம் ஊற்றிக் கழுவியதையும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அறிந்துகொள்ளும். மணியடித்ததும் வரிசையில் தட்டோடு போய், சத்துணவு அம்மா போடும் சோற்றை வாங்கிச் சாப்பிடும். இரவு வீட்டில், அந்தத் தண்ணியை ஏனுங்கப்பா அவங்க குடிக்கக் கூடாதுன்னாங்க என்று கேட்கும். படத்துக்குப் போகாத அப்பா என்ன பதில் சொல்கிறார் என்பதிலிருந்துதான் அந்தப் படத்துக்கான விமர்சனத்தை நாம் எழுதத் தொடங்க வேண்டும்.